உங்கள் ஊரில் கதிர்வீச்சுக் கணக்கெடுப்பு: அனுபவம் சொல்லுங்கள்

உவரி மருமகள்:
கூடங்குளத்தைச் சுற்றி சாப்பாட்டுக் கணக்கு எடுக்க வருவார்களே, அப்படி எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். "வாரத்துக்கு எத்தனை கிராம் மீன் சாப்பிடுவீங்கம்மா?" என்று என் மாமியாரிடம் கேட்டார். அத்தை மீனை என்றைக்குக் கிராமில் வாங்கினார்? கரையில் கூறு பார்த்து எடுப்பவர். அதுவும் ஆடிக் காற்று நேரம், வள்ளம் இறங்கவில்லை. "இப்ப எங்க தம்பி மீனு?" என்றார். அவரும் ஏதோ சின்ன எண்ணை எழுதிக்கொண்டு போய்விட்டார். சாளையை முள்ளோடு மெல்லுகிறோம், அதைக் கேட்கவே இல்லை. மீனில் உள்ள கதிரியக்கத்தை, சாப்பிடும் அளவால் பெருக்கித்தானே கணக்குப் போடுகிறார்கள்? அந்த அளவே தப்பென்றால்?

சதுரங்கப்பட்டினம் ஆள்:
கல்பாக்கம் பக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் டி.எல்.டி. வில்லை, அதாவது அந்த இடத்தில் சேரும் கதிர்வீச்சை அளக்கத் தொங்கவிடும் சின்ன வில்லை, தெரியும்தானே? எங்கள் தெருவில் தொங்கியதை ஒரு பையன் கழற்றி, அடையாள அட்டை மாதிரி சட்டையில் குத்திக்கொண்டு கிரிக்கெட் ஆடினான். பிறகு அவன் அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்தக் காலாண்டில் அது அளந்தது பீரோவைத்தான்.

மணவாளக்குறிச்சிக்காரன்:
இரண்டு பேரும் உலையையே பார்க்கிறீர்கள். எங்கள் கருமணலில் மோனசைட் என்ற தாது, அதற்குள் கதிரியக்கமுள்ள தோரியம். கல்லூரியின் கதிர்வீச்சு மீட்டரைக் கடற்கரைக்குக் கொண்டுபோனபோது, மணலில் தூங்கிக்கொண்டிருந்த தாத்தா பக்கத்தில் கிறீச் கிறீச்சென்று கத்தியது. எழுந்து, "யாருக்கு போனுல?" என்றார்.

உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சே ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 2 மில்லிசீவர்ட்டுக்கு மேல் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு இது). பொதுமக்களுக்கான 1 மில்லிசீவர்ட் வரம்பு அதற்கு மேல் வருவதற்குத்தான். மலிவு மீட்டர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். கல்பாக்கம் மாதிரி கனநீர் உலையிலிருந்து வரும் டிரிஷியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை அது காட்டாது, ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். அப்புறம் உவரி அக்கா, கடல் மீனில் இயற்கையாகவே பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் உண்டு, குடல் பகுதியில் அதிகம். நெத்திலியைக் குடல் எடுத்துச் சமையுங்கள். கணக்கும் சராசரி ஆளுக்குப் போடுவதில்லை, அதிகம் சாப்பிடுகிறவர்களை வைத்துத்தான் போட வேண்டும் என்பது விதி. சும்மா பயப்படாதீர்கள்.

உவரி மருமகள்:
பயம் என்று நான் எங்கே எழுதினேன் அண்ணே? நெத்திலி ஆயவும் எனக்குத் தெரியும். அதிகம் சாப்பிடுகிறவர் எங்கள் மாமனார்தான். அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.