சீமைக் கருவேலை எடுத்த புஞ்சையில் என்ன நாட்டு மரம் வைக்கலாம்?

கரிசல்காடு:
முதுகுளத்தூர் பக்கம் 2 ஏக்கர் புஞ்சை. பல வருடம் தரிசாகக் கிடந்ததில் சீமைக் கருவேல் மண்டிவிட்டது. கரிசல் மண், மழை பெய்தால் கிழக்கு மூலையில் நாலைந்து நாள் தண்ணீர் நிற்கும். கிணறு, போர் எதுவும் இல்லை. ஐப்பசி மழைக்கு முன் சுத்தம் செய்து நாட்டு மரம் வைக்க வேண்டும். வெட்டினால் திரும்பத் தழைக்காமல் இருக்க என்ன வழி? ஊடே வேறு முள்மரங்களும் நிற்கின்றன, எவற்றை விடலாம்? நர்சரியில் தந்த பட்டியல்: வேம்பு, புங்கம், இயல்வாகை, தூங்குமூஞ்சி வாகை, குல்மோகர், மகோகனி. இவை எல்லாம் நாட்டு மரம்தானா?

வேலிப்படல்:
ஜேசிபியைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு டப்பா சுண்ணாம்போடு காட்டைச் சுற்றி வாருங்கள். விட வேண்டிய மரத்துக்குப் பட்டை அடியுங்கள். வண்டி ஓட்டுபவருக்கு முள் இருந்தால் எல்லாம் ஒன்றுதான். தானாக வந்து நிற்கும் நாட்டு வேலமரத்தை வைத்து வளர்க்க வருடக்கணக்கில் ஆகும்.

பூவைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. சீமைக் கருவேலின் பூ அணில் வால் போல நீளமாகத் தொங்கும். நாட்டுக் கருவேலுக்கு மஞ்சள் நிறத்தில் உருண்டைப் பூ. பூ இல்லாத காலத்தில் காயைப் பாருங்கள். சீமையின் காய் பழுத்தால் வெளிர் மஞ்சள், இனிக்கும், ஆடு தேடித் தின்னும். நாட்டுக் கருவேல் காய் சாம்பல் பூத்து, விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்த மாலை மாதிரி இருக்கும். வெள்வேலுக்குப் பட்டை வெளிறியிருக்கும். உடைமரம் குடை விரித்தது போல உச்சி தட்டையாகப் படர்ந்து நிற்கும்.

அதிகம் ஏமாற்றுவது வன்னி. அதற்கும் பூ நீளமாகத்தான் வரும். கிளையைக் கையில் எடுத்து முள்ளைப் பாருங்கள்: சீமைக்கு இலை கிளம்பும் கணுவில் நீண்ட முள், பெரும்பாலும் இரட்டையாக. வன்னிக்குக் கணுவுக்குக் கணு நடுவிலும் சின்னச் சின்னக் கூம்பு முள் சிதறிக் கிடக்கும். வன்னி ஒன்று நின்றாலும் தொடாதீர்கள்.

மண்வெட்டி:
தழைப்பதற்குக் காரணம் தூர். தரைக்குக் கொஞ்சம் கீழே தண்டும் வேரும் சேரும் இடத்தில் உறங்கும் மொட்டுகள் நிறைய இருக்கும். தரை மட்டத்தில் அறுத்தால் ஒரு தண்டுக்குப் பதில் பத்துத் தண்டு வரும். ஒரு அடி ஆழம் வரை தோண்டித் தூர்க்கட்டையை முழுசாக எடுத்தால் கீழே மிஞ்சும் வேர் பெரும்பாலும் துளிர்க்காது. கோடை மழை ஒன்று பெய்து மண் இளகியபின் எடுத்தால் கட்டை முறியாமல் வரும். காய்ந்த கரிசலில் இழுத்தால் பாதியில் ஒடிந்து மொட்டு உள்ளேயே தங்கிவிடும்.

மரம் எடுத்தது பாதி வேலைகூட இல்லை. மண்ணில் கிடக்கும் விதை, ஓடு கெட்டியானது, வருடக்கணக்கில் கெடாது. முதல் மழைக்குப் பாய் விரித்தது போல முளைக்கும். கார்த்திகை, மார்கழியில் ஈரம் இருக்கும்போதே கையால் பிடுங்குங்கள். தை கடந்தால் ஆணிவேர் இறங்கிவிடும், பிறகு கடப்பாரைதான். குறைந்தது மூன்று மழைக்காலம் இதைச் செய்யாமல் விட்டால் போட்ட பணம் வீண். ஆட்டுக்கிடை போடுவதென்றால், சீமைக் காய் தின்ற ஆடாக இருக்கக் கூடாது. விதை வயிற்றில் சாகாமல் எருவோடு வரும்.

கண்மாய்க்கரை:
பட்டியலுக்கு வருகிறேன். வேம்பும் புங்கமும் சரி. குல்மோகர் மடகாஸ்கர் மரம், தூங்குமூஞ்சியும் மகோகனியும் அமெரிக்கக் கண்டத்தவை. இயல்வாகையும் நம் மண்ணுக்குரியது இல்லை. பெயரில் வாகை இருப்பதால் குழப்பம் வருகிறது. வெளிர் பச்சை மகரந்த இழைகளோடு மணக்கும் பூவும், தட்டையான காய்கள் உலர்ந்து சலசலப்பதும்தான் நம் வாகை.

அதற்காக வெளியிலிருந்து வந்த மரம் எல்லாம் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். ஊரைத் தின்றுவிடவில்லை. தானாகப் பரவி மற்றதை முளைக்கவிடாமல் செய்கிறதா என்பதே என் அளவுகோல்.

உங்கள் காட்டுக்கு: தண்ணீர் நிற்கும் மூலையில் நாட்டுக் கருவேல், புங்கம். மேட்டில் உடை, வன்னி, வெள்வேல், வேம்பு, வாகை. மஞ்சணத்தி தானே முளைக்கும், களை என்று பிடுங்காதீர்கள். மருதம், இலுப்பை ஆசைப்பட வேண்டாம், தண்ணீர் இல்லாமல் கோடை தாண்டாது. உசிலை செம்மண், சரளைக்குத்தான் நன்றாக வரும்.

15 அடிக்கு ஒன்று என்றால் 2 ஏக்கருக்கு 380 கன்றுக்கு மேல் போகும். உங்களால் தண்ணீர் ஊற்ற முடியாது. முதல் வருடம் 100 போதும். கன்றுக்கு 10 லிட்டர், பத்து நாளைக்கு ஒருமுறை, மாசி முதல் ஆவணி வரை; ஒரு நடைக்கு 1,000 லிட்டர் டேங்க் ஒன்று. ஐந்தடிக் கன்று வாங்காதீர்கள், பையில் வேர் சுருண்டிருக்கும். ஒன்றரை அடிக் கன்றே சீக்கிரம் பிடிக்கும்.

கரிசலில் குழி ஒன்றரை அடி போதும். இயந்திரத்தில் துளைத்தால் சுவர் வழவழப்பாகி வேர் உள்ளேயே சுற்றும், கடப்பாரையால் பக்கங்களைக் குத்திவிடுங்கள். மணலைக் கொட்டி நிரப்பினால் குழி தொட்டியாகித் தண்ணீர் தேங்கும். எடுத்த மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து, தரையைவிட அரையடி உயர்த்தி நடுங்கள். கோடையில் மண் வெடித்து வேரை அறுக்கும், வெடிப்பைக் கொத்திவிட்டுச் சருகு மூடுங்கள்.

கரிசல்காடு:
மிக்க நன்றி. ஆட்டுக்கு என்ன செய்வது? வரப்பில் பனை வைக்கலாமா?

வேலிப்படல்:
வெட்டிய சீமை முள்ளையே கன்றைச் சுற்றி இரண்டடி தள்ளிப் படல் கட்டுங்கள், காய் உதிர்த்த கிளையாக மட்டும். பனைக்கு ஆவணி, புரட்டாசியில் கிடைக்கும் கொட்டையை நேரடியாக 10 அடிக்கு ஒன்று, அரையடி ஆழத்தில் ஊன்றுங்கள். முளை முதலில் கீழே இறங்கும், மேலே ஓலை தெரிய மாதக்கணக்கில் ஆகும். முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்த்தால் அந்த முளை ஒடிந்துவிடும்.

கண்மாய்க்கரை:
உங்கள் பட்டா எல்லையைத் தாண்டிக் கண்மாய்க்குள் நிற்பதை அனுமதி இல்லாமல் வெட்ட வேண்டாம். அங்கே நிற்கும் நாட்டுக் கருவேல் பல இடங்களில் சமூகக் காடுகள் திட்டத்தில் வைத்தது.