மரித்தவர்கள் உயிர்த்தெழும் வரை எங்கே இருக்கிறார்கள்?

கேள்வி: நாங்கள் பெங்களூரில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) சபை, மனைவி வீட்டார் கத்தோலிக்கர். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று ஓசூர் ரோடு கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது அத்தை, "இறந்துபோன மாமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் (பரலோகம் போகுமுன் ஆன்மா சுத்தமாகும் நிலை) இருந்தால் நம் ஜெபம் உதவும்" என்றார். எங்கள் போதகரோ இறந்தவுடனே கிறிஸ்துவிடம் என்கிறார். அப்படியென்றால் கடைசி நாளில் உயிர்த்தெழுவது எதற்கு?

பதில் 1: உடலுக்காக. ஆத்துமா மட்டும்தான் இப்போது கிறிஸ்துவோடு இருக்கிறது (பிலிப்பியர் 1:23, சிலுவையில் இருந்த கள்ளனுக்கும் அன்றைக்கே பரதீசு), உடல் மண்ணில்தான். இரண்டும் சேருவதுதான் உயிர்த்தெழுதல்.

பதில் 2: நான் அட்வென்டிஸ்ட் சபை. பிரசங்கி 9:5ஐ வாசியுங்கள், மரித்தவர்களுக்கு எதுவும் தெரியாது. லாசரு தூங்குகிறான் என்று இயேசுவே சொன்னார், யோவான் 11. நடுவில் எந்த இடமும் இல்லை.

பதில் 3: இது கத்தோலிக்கத்திலேயே சண்டையான விஷயம் சார். 1331இல் போப் 22ஆம் யோவான், கடைசித் தீர்ப்புக்கு முன் புனிதர்கள்கூட கடவுளை முகமுகமாகப் பார்ப்பதில்லை என்று பிரசங்கம் செய்து பெரிய எதிர்ப்பு கிளம்பி, சாகும் நேரத்தில் அதைக் கைவிட்டார், அப்புறம் 1336இல் 12ஆம் பெனடிக்ட், சுத்தமான ஆன்மாக்கள் உடனே பார்க்கும் என்று முடிவாக அறிவித்தார். இறந்தவர்களுக்கான ஜெபத்துக்கு ஆதாரம் கத்தோலிக்க பைபிளில் உள்ள 2 மக்கபே 12. அந்தப் புத்தகம் உங்கள் புராட்டஸ்டன்ட் பைபிளில் இருக்காது, அதனால் அத்தையோடு வசனம் காட்டி வாதாடுவது வீண்.

கேள்வி கேட்டவர்: சரி, லூக்கா 16இல் பணக்காரன் பாதாளத்திலிருந்து பேசுகிறானே?

பதில் 2: அது உவமை.

பதில் 1: உவமையில் பெயர் வருமா? அதில் ஏழைக்கு லாசரு என்று பெயர் இருக்கிறதே.