நம்ம வீட்டுக் குழு: அந்த எச் யார்கிட்ட இருக்கு?

யாழினி: யாராவது முழிச்சிருக்கீங்களா? படிக அமைப்போட சிஃப் பைல் காலைல போகணும். அதைச் சரிபார்க்கற செக்சிஃப்ல பிளாட் 420ன்னு அலர்ட். ஓ–எச்சோட ஹைட்ரஜன் பிணைப்பை வாங்கிக்க ஏற்பி அணு இல்லையாம்

சித்தப்பா: எந்தப் படிகம்

யாழினி: 2-அமினோபிரிடினும் பென்சோயிக் அமிலமும். எச் (ஹைட்ரஜன், புரோட்டான்) காரத்துக்குத் தாவின உப்பா, அமிலத்துலயே இருக்கற கோ-கிரிஸ்டலான்னே சந்தேகம். எச்சை அமிலத்தோட ஓ2ங்கற ஆக்சிஜன் மேல வெச்சேன், ரிஃபைன் பண்ற ப்ரோக்ராம்ல எச்ஃபிக்ஸ் 147 கட்டளை

சித்தப்பா: ஏன் அங்க

பெரியப்பா: பொறு, விவரமாச் சொல்றேன். காரத்தோட பிகேஏ, அதான் புரோட்டானை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும்ங்கற எண், சுமார் 6.9, அமிலத்துக்கு 4.2. வித்தியாசம் 2.7. நாலைத் தாண்டினா உப்புன்னு தைரியமாச் சொல்லலாம், மைனஸ் ஒண்ணுக்குக் கீழன்னா கோ-கிரிஸ்டல். நடுவுல மாட்டினா பிகேஏவை நம்பாத. அது தண்ணில அளந்த எண், படிகத்துக்குள்ள தண்ணி ஏது? ரெண்டு சி–ஓ நீளத்தையும் பாரு. அமிலம்னா 1.21, 1.31 ஆங்ஸ்ட்ராம்னு பிரிஞ்சு நிக்கும். புரோட்டான் கைமாறியிருந்தா ரெண்டும் 1.25 பக்கம்.

யாழினி: 1.262, 1.251

சித்தப்பா: போயிடுச்சு

அத்தை: ஐயோ யாருக்கு என்ன ஆச்சு???

கதிர்: புரோட்டான் அம்மா 😂

அத்தை: ராத்திரி பதினோரு மணிக்கு எழுதற வார்த்தையா இது

பெரியப்பா: பிரிடின் வளையத்து என்1ல சி–என்–சி கோணம்? நடுநிலைப் பிரிடின்னா 117, புரோட்டான் ஏறினா 122.

யாழினி: 122.3. மிச்ச எலக்ட்ரான் அடர்த்தில பெரிய பீக் க்யூ1 0.58, என்1லேருந்து 0.9 ஆங்ஸ்ட்ராம்ல நிக்குது

சித்தப்பா: அதான் எச். ஓ2ல இருக்கறதைத் தூக்கு

பெரியப்பா: 147 போட்டா ஓ–எச் சுழலக்கூடிய வட்டத்துல எங்க அடர்த்தி அதிகமோ அங்க எச்சைத் திருப்பி வெக்கும். அங்க எச்சே இல்லைன்னா இரைச்சலைப் பிடிச்சிட்டு எங்கயோ பார்க்கும். உன் அலர்ட் அதுதான். க்யூ1க்கு எச்1னு பேர் வை, அதிர்வு அளவான யு-வை -1.2ன்னு (என்1ஓடதைப் போல 1.2 மடங்கு) கட்டு, இடத்தை மட்டும் விட்டு ரிஃபைன் பண்ணு. கணக்குப்படி எச்சை வெக்கற எச்ஃபிக்ஸ் 43 வசதிதான், ஆனா நாமளே கொண்டுபோய் வெச்சது சாட்சி ஆகாது.

சித்தப்பா: என்–எச் நீளம் நியூட்ரான்ல அளந்தா 1.01 வரும். எக்ஸ்ரேல குட்டையாத்தான் தெரியும், பயந்துக்காத

பெரியப்பா: ஆரம்பிச்சிட்டான் நியூட்ரானை

சித்தப்பா: என் மைக்ராஸ்கோப்பை எப்போ தருவீங்க

பெரியப்பா: இப்போ அதுவா பேச்சு

யாழினி: ஹைட்ரஜன் பிணைப்புப் பட்டியலுக்கு எச்டேப் எப்படிப் போடறது

பெரியப்பா: முதல்ல வெறும் எச்டேப். வெளியீட்டு எல்எஸ்டி பைல்ல ஈக்விவ் (சமச்சீர்) வரியோட பட்டியல் வரும், அதை உள்ளீட்டு ஐஎன்எஸ் பைல்ல ஒட்டி மறுபடி ஓட்டு. என்1–எச்…ஓ2, அமினோவோட என்2–எச்…ஓ1 சேர்ந்து எட்டு அணு வளையம், அதோட குறியீடு ஆர்2,2(8). அமினோவோட இன்னொரு எச் பக்கத்து கார்பாக்சிலேட்டைப் பிடிக்கும், சமச்சீர் குறியை விட்டுடாத. தாய் அணுவோட ஒட்டியே நகர்ற ரைடிங் எச் நீளத்துக்குப் பிழை எண் போடக்கூடாது.

யாழினி: என்1–எச் 0.91, என்…ஓ 2.69, கோணம் 174. 420 காணோம்!! ஃபார்முலா மாறுமா?

சித்தப்பா: சம், அதான் மொத்த ஃபார்முலா, அதேதான். பகுதி பகுதியாக் காட்டற மோயிட்டியை அயனியாப் பிரி, சி5எச்7என்2 பிளஸ், சி7எச்5ஓ2 மைனஸ்

பெரியப்பா: அவசரப்படாத. டேட்டா 100 கெல்வினா?

யாழினி: அறை வெப்பநிலை

பெரியப்பா: அப்போ எச் ரெண்டு பக்கமும் பங்கு போட்டிருக்கலாம். மிச்ச அடர்த்தியைக் காட்டற வித்தியாச வரைபடத்தை இன்னொரு தடவை

சித்தப்பா: ஒரே பீக். அனுப்பு

பெரியப்பா: அனுப்பாத

அத்தை: வண்டிச் சாவி யார்கிட்ட இருக்கு