6 பரப்புத் தோட்டத்துக்குச் சொந்தமாகப் பிக்கப் தேவையா?

உரும்பிராய்த் தோட்டம்:
வணக்கம். யாழ்ப்பாணம் உரும்பிராயில் எங்களுக்கு 6 பரப்புத் தோட்டம், அரை ஏக்கருக்கும் குறைவு. வெங்காயம், கொஞ்சம் வாழை. வேலைக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் இருக்கிறது. தெரிந்த ஒருவர் தன் பழைய பிக்கப்பை 38 இலட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். அன்றிலிருந்து நித்திரை சரியில்லை.

போன வருடம் ஹயருக்கு (வாடகைக்கு) வாகனம் பிடித்ததையெல்லாம் கொப்பியில் எழுதி வைத்தேன். எரு 3 தடவை, வெங்காயம் சுன்னாகம் சந்தைக்கு 5, வாழைக்குலை 3, கிணற்றுக்கட்டு திருத்தச் சீமெந்தும் மணலும் 2, அக்கா வீடு மாறியபோது 1. எல்லாமாக 49,000 ரூபாய்.

ஆனால் மாசியில் ஒரு நாள், விடிய 4 மணிக்கு வருகிறேன் என்ற பட்டாக்காரர் (ஹயருக்கு ஓடும் சின்ன லொறிக்காரர்) 8 மணிக்குத்தான் வந்தார். நாங்கள் போய்ச் சேரும்போது பெரிய வியாபாரிகள் வாங்கி முடித்துவிட்டார்கள். அம்மாவும் நானும் மாறி மாறித் தண்ணீர் இறைத்த வெங்காயம். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். வழி முழுக்க அம்மா ஒன்றும் பேசவில்லை. வாங்கலாமா?

ஏழாலை:
தம்பி, 38 இலட்சத்தை வைப்பில் போட்டு 8 வீதம் வந்தாலே வருடம் 3 இலட்சத்துக்கு மேல். நீங்கள் கொடுத்த ஹயர் காசு அதில் ஆறில் ஒரு பங்குதான். பிக்கப் சும்மா நின்றாலும் காப்புறுதி, வரிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாம் இருக்கிறது. ஓடாமல் நின்றால் பற்றரி போய்விடும். சீமெந்தும் மணலும் கடைக்காரரே வீட்டில் இறக்கித் தருவார், அந்த இரண்டையும் கழியுங்கள்.

நீர்வேலி வாழை:
நான் பிக்கப் வைத்திருக்கிறேன். எனக்குக் கிழமைக்கு 3 நாள் குலை ஏற்ற வேண்டும். அடிபட்டால் காய் கறுத்துவிடும். சருகு விரித்துப் பக்குவமாக அடுக்க ஹயர்காரருக்கு நேரமில்லை, அதனால்தான் வாங்கினேன். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழசெல்லாம் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் திறந்தும் வரி அதிகம். விற்றால் காசு வரும் என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு வேண்டியது அந்த 5 விடியல் மட்டும். பக்கத்தில் லாண்ட்மாஸ்டர் (பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வைத்திருப்பவரிடம் பேசுங்கள். முதல் நாள் பின்னேரமே பெட்டியில் ஏற்றி, தறப்பாள் போட்டு, உங்கள் முற்றத்தில் நிறுத்திவிடுங்கள். விடிய யாரையும் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

உரும்பிராய்த் தோட்டம்:
நன்றி அண்ணை. இன்று பின்னேரம் பக்கத்துத் தோட்டத்து அண்ணையிடம் கேட்டேன். ஓம் என்றுவிட்டார். டீசலும் சின்னக் கூலியும் என்னுடையது. அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி, பெட்டியில் ஏற முடியாது. சந்தைக்கு வந்தே தீருவேன் என்று நிற்கிறா.

ஏழாலை:
அம்மாவை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வாருங்கள், தம்பி. லாண்ட்மாஸ்டர் மெதுவாகத்தான் போகும். வெங்காயத்துக்குப் பின்னாலேயே வரலாம்.