டேங்கில் 10 தான் இருக்கு, வெளியே மைனஸ் 22. புரொப்பேன் எங்கே மலிவு?

கோவைக்காரன், செவ்வாய் இரவு 8:10

வணக்கம். அவசரம், அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். கனடா வந்து அஞ்சு மாசம் ஆகுது. வேலைக்காக டொரன்டோ பக்கத்துல இருக்குற பிராம்ப்டன்ல இருந்து, அதே ஒன்டாரியோ மாகாணத்துல லின்ட்சேங்கிற ஊர்ப் பக்கம் குடிவந்தோம். இங்கே வீட்டைச் சூடாக்குறது புரொப்பேன், வெளியே இருக்குற டேங்க்ல வண்டியில வந்து நிரப்புற கேஸ். டேங்க்ல அளவு காட்டுற முள்ளு 10-ல நிக்குது. கம்பெனிக்கு போன் பண்ணினா லிட்டர் 1.19 டாலராம், குறைஞ்சது 500 லிட்டர் எடுக்கணுமாம், பணம் முன்னாடியே கட்டணுமாம். வண்டி சனிக்கிழமைதான் வரும்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டுக்காரர் 79 சென்ட்டுக்கு வாங்குறார்! ஊர்ல 14.2 கிலோ சிலிண்டர் எந்த ஏஜென்சில எடுத்தாலும் ஒரே விலைதானே? எட்டு மாசக் கைக்குழந்தை இருக்கு. மலிவா, சீக்கிரமா தர்ற கம்பெனி யாருக்காவது தெரியுமா?

ஸ்காபரோ அண்ணா, 8:25

தம்பி, ஏன் அவ்வளவு தூரம் போனனீங்கள்? நாங்கள் 91இல வந்தபோது ஒரு பேஸ்மென்றில ஒன்பது பேர். ஹீற் எங்கட கையில இல்லை, மேல இருக்கிற வீட்டுக்காரர் வைக்கிறதுதான். இரவில ரெண்டு சுவெற்றர், அதுக்கு மேல ஜக்கெற், அப்பிடியே படுத்தனாங்கள். காலமை நாலு மணிக்கு பஸ்ஸுக்கு நிண்டு கால் விறைச்சு அழுதும் இருக்கிறன். ஆனா இஞ்ச ரொறன்ரோ ஸ்காபரோவில நச்சுரல் காஸ், குழாயால வரும், முள்ளுப் பார்க்கிற வேலை இல்லை. லீஸ் முடிய இஞ்சால வாங்கோ. வீடு பார்க்க நான் உதவி செய்யிறன்.

மதுரை டு நியூ ஹாம்ப்ஷயர், 8:41

நண்பரே, விலையை ஜனவரியில கேட்கக்கூடாது, ஜூலையில கேட்கணும். நான் கோடையிலேயே முழுக் குளிர்காலத்துக்கும் விலையைப் பேசி முன்பணம் கட்டிடுவேன். இங்கே அமெரிக்காவுல மாநில எரிசக்தித் துறையே சராசரி விலையை வெளியிடுது. மத்திய அரசோட எரிசக்தித் தகவல் நிர்வாகம் அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் வாராவாரம் போடுது. அதைக் கையில வச்சுக்கிட்டு மூணு கம்பெனிக்கு போன் பண்ணுங்க. கோடையில பேசினபடி எனக்கு விழுற விலை 3.60.

கோவைக்காரன், 8:44

3.60-ஆ? அப்போ எனக்குச் சொன்னது மலிவுதானா?

மொன்றியல் வாசி, 8:50

அவர் சொல்லுறது கேலன் கணக்கு, அமெரிக்க டாலர். ஒரு கேலன் 3.785 லிற்றர். எங்கட காசில லிற்றர் 1.30 பக்கம் வரும். ரெண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். கோடையில பேசுற யோசனை நல்லதுதான், ஆனா இண்டைக்கு இரவுக்கு அது உதவாது.

லின்ட்சே அக்கா, 9:02

தம்பி, நான் இஞ்ச பதினாலு வருசமா புரொப்பேன் வீட்டிலதான் இருக்கிறன். நீங்கள் சொல்லாத விசயங்கள்தான் இப்ப முக்கியம். சொந்த வீடோ வாடகையோ? டேங்க் ஆருடையது, உங்கட வீட்டுக்காரரின்ரையோ கொம்பனியின்ரையோ? எவ்வளவு பெரிசு? லீஸில ஹீற் சேர்த்தியோ, தனியவோ? பிறகு அந்த 10 எண்டது லிற்றர் இல்லை, வீதம், அதாவது டேங்கில நூறில பத்துப் பங்கு. முழுசா நிரப்பினாலும் முள்ளு 80இலதான் நிக்கும். சூட்டில திரவம் விரியும் எண்டு மிச்ச இடத்தை விட்டுத்தான் அடிப்பினம்.

கோவைக்காரன், 9:15

அக்கா, நான் பத்து லிட்டர்னு நினைச்சு மனைவிகிட்ட சொல்லி, அவங்க அழுதுட்டாங்க. வாடகை வீடு. டேங்க் வெள்ளையா நீளமா படுத்திருக்கு. பனியைத் தட்டிப் பார்த்தேன், தகட்டுல 500 கேலன்னு இருக்கு. மேல கம்பெனி பேர் பெருசா எழுதியிருக்கு. லீஸ்ல "எரிபொருள் வாடகைதாரர் பொறுப்பு"ன்னு ஒரு வரி இருக்கு. கையெழுத்துப் போடும்போது கரண்ட் பில்லைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன்.

ஸ்காபரோ அண்ணா, 9:22

ஒன்ராறியோவில செப்டம்பர் 1இல இருந்து ஜூன் 15 வரைக்கும் வீட்டுக்காரர் 20 டிகிரி வைச்சுத்தர வேணும். சட்டம். விடாதேங்கோ.

லின்ட்சே அக்கா, 9:26

அண்ணை, அது வாடகையில ஹீற் சேர்ந்திருந்தால். இவற்ற லீஸில எரிபொருள் இவர்தான். ஃபர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்குற மெசின், பழுதானால் வீட்டுக்காரர் திருத்த வேணும், காஸுக்குக் காசு இவர் கட்ட வேணும்.

பீட்டர்பரோ வேலூர், 9:31

விலையைப் பத்தி யாருமே கேள்வி கேட்கிறதில்லை. நச்சுரல் கேஸுக்கும் கரண்டுக்கும் ஒன்டாரியோ எரிசக்தி வாரியம் இருக்கு. புரொப்பேன் விலையை யாரும் கட்டுப்படுத்துறதில்லை. எரிபொருள் மேல மத்திய அரசு போட்ட கார்பன் கட்டணம் லிட்டருக்கு 12.38 சென்ட் இருந்துச்சு, 2025 ஏப்ரல் 1-ல எடுத்தாங்க. என் பில்லுல அந்த வரி மட்டும் போச்சு. அடுத்த குளிர்காலத்திலேயே டெலிவரிக்குன்னும் டேங்க் வாடகைன்னும் புது வரிகள் வந்திடுச்சு. மாசம் ரெண்டாயிரம் டாலர் வாடகை கட்டிட்டு வீட்டுக்குள்ள குல்லா போட்டு உட்கார்ந்திருக்கோம். யார்கிட்ட சொல்றது?

மொன்றியல் வாசி, 9:38

2019 நவம்பரில ரயில் வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு கிழமைக்குள்ள கியூபெக்கில புரொப்பேன் தட்டுப்பாடு வந்திட்டுது. ஆஸ்பத்திரிகளையும் முதியோர் இல்லங்களையும்தான் முதல்ல பார்த்தவை. அதுக்குப் பிறகு நான் 30க்குக் கீழ விடுறதே இல்லை. 2022இல கொழும்பில என்ர தங்கச்சி 12.5 கிலோ சிலிண்டரோட விடிய விடிய வரிசையில நிண்டவ. இஞ்ச வந்தும் காஸுக்குப் பயப்பிட வேண்டிக் கிடக்கு.

பீட்டர்பரோ வேலூர், 9:44

ஹீட் பம்ப் போடுங்க, கரண்ட்ல ஓடி வெளிக்காத்துல இருந்து சூட்டை உள்ளே கொண்டு வர்ற மெஷின். மத்திய அரசு பணம் தருது.

லின்ட்சே அக்கா, 9:47

நீங்கள் சொல்லுற அந்தத் திட்டம் எண்ணெயில சூடாக்குற வீடுகளுக்கு, புரொப்பேனுக்கு இல்லை. அதோட, வாடகைக்கு இருக்கிறவர் தானாப் போட ஏலாது.

மதுரை டு நியூ ஹாம்ப்ஷயர், 9:52

இன்னைக்கு ராத்திரி குளிர் தாங்கலைன்னா பார்பெக்யூ சிலிண்டர் ஒண்ணு வாங்கி, கேம்ப்பிங் ஹீட்டரை ஹால்ல வைங்க. முதல் வருஷம் நாங்க கேஸ் அடுப்பையே எரியவிட்டுத்தான் சமாளிச்சோம்.

ஃபர்னஸ் வேலைக்காரன், 9:55

அதைச் செய்யவே செய்யாதேங்கோ. நான் லைசென்ஸ் உள்ள காஸ் டெக்னீசியன், உதால நடந்ததுகளைக் கண்ணால கண்டனான். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. நித்திரையிலேயே ஆள் போயிடும். வெளியில எரிக்கிற ஹீற்றர், பார்பெக்யூ ஒண்டும் உள்ளுக்கு வரக்கூடாது. அடுப்பும் சூடு காயுறதுக்கு இல்லை. முதல்ல போய் படுக்கிற அறைக்குக் கிட்ட இருக்கிற கார்பன் மொனொக்சைட் அலாரத்தின்ர பொத்தானை அமத்திப் பாருங்கோ, சத்தம் வருதோ எண்டு.

இனிக் கணக்கு. 500 கேலன் எண்டால் 1,890 லிற்றர். 10 வீதம், அதாவது 189 லிற்றர் இருக்கு. ஃபர்னஸ் கதவுக்குப் பின்னால ஒரு ஸ்ரிக்கர் இருக்கும், அதில மணிக்கு எத்தினை பி.டி.யு. எண்டு போட்டிருக்கும், அது சூட்டை அளக்கிற அலகு. இந்தப் பக்கத்து வீடுகளில 80,000 சாதாரணம். ஒரு லிற்றர் புரொப்பேனில 24,000 பி.டி.யு. இருக்கு. அப்ப விடாமல் எரிஞ்சால் மணிக்கு 3.3 லிற்றர். மைனஸ் 22இல அரைவாசி நேரம் எரியும், நாளுக்கு 40 லிற்றர். 189ஐ 40ஆல பிரிச்சால் கிட்டத்தட்ட நாலே முக்கால் நாள். சனிக்கிழமைக்கு மட்டுமட்டு. ஆனா கடைசி 5 வீதத்தை நம்பாதேங்கோ. திரவம் குறைஞ்சு குளிரும் கூடினால் காஸ் ஆவியாகிறது மெதுவாகும். அமுக்கம் விழ ஃபர்னஸ் நிண்டிடும். முழுசா முடிஞ்சுதெண்டால் வண்டி வந்தாலும் உடனே கொளுத்த ஏலாது, கசிவுச் சோதனை செய்துதான் கொளுத்துவினம். அதுக்குத் தனிக் காசு.

அதனால இண்டைக்கே பணத்தைக் கட்டி ஓடரைப் போடுங்கோ. "வாடகை வீடு, 10 வீதம், கைக்குழந்தை" எண்டு சொல்லி முன்னுக்கு வர ஏலுமோ எண்டு கேளுங்கோ. வேற கொம்பனியைத் தேடுறதில பிரயோசனம் இல்லை. டேங்க் அவையின்ர எண்டால் மற்றவை நிரப்ப மாட்டினம். பக்கத்து வீட்டுக்காரர் 79க்கு வாங்குறார் எண்டால் அவற்ற டேங்க் சொந்தமாயிருக்கும், அல்லது வருசத்துக்கு நாலாயிரம் லிற்றர் எண்டு ஒப்பந்தம் போட்டிருப்பார்.

தெர்மோஸ்ராற்றை பகலில 19, இரவில 17 வையுங்கோ. பாவிக்காத அறைக் கதவுகளைப் பூட்டி, மூண்டு பேரும் ஒரு அறையில படுங்கோ. எண்ணெய் நிரப்பின ரேடியேற்றர் ஹீற்றர் ஒண்டு வாங்கி நேரா சுவர்ப் பிளக்கில போடுங்கோ, எக்ஸ்ரென்சன் வயர் வேண்டாம். பிள்ளையின்ர கட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் ஒரு மீற்றர் தள்ளி வையுங்கோ. ஒரு லிற்றரில 7 யூனிட் சூடு இருக்கு, 95 வீத ஃபர்னஸில 6.7 கிடைக்கும். 1.19 குடுத்தால் ஒரு யூனிட் சூடு 18 சதம். உங்கட கரண்ட் பில்லில இரவு யூனிட் எவ்வளவு எண்டு பாருங்கோ. அநேகமா அதைவிடக் குறைவாத்தான் இருக்கும். 1,500 வாட் ஹீற்றர் எட்டு மணித்தியாலம் ஓடினால் 12 யூனிட், கிட்டத்தட்ட ரெண்டு லிற்றர் மிச்சம். சின்னதுதான், ஆனா இந்த நாலு நாளைக்கு ஒவ்வொரு லிற்றரும் வேணும்.

ஃபர்னஸ் ஃபில்ற்றரை மாத்துங்கோ. ஃபர்னஸுக்குக் காத்து வாறதுக்கும் புகை போறதுக்கும் சுவரால வெளியில வாற ரெண்டு வெள்ளைக் குழாயையும் பனி மூடியிருந்தால் துப்பரவாக்குங்கோ, டேங்க் மூடிக்குக் கீழ இருக்கிற ரெகுலேற்றரையும் பாருங்கோ. டேங்குக்குச் சுடுதண்ணி ஊத்திப்போடாதேங்கோ. ரோட்டில இருந்து டேங்க் வரைக்கும் பாதை வெட்டி வையுங்கோ. பாதை இல்லாட்டில் டிரைவர் திரும்பிப் போயிடுவார். அழுகின முட்டை மணம் வந்தால் ஒரு சுவிச்சையும் தொடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில வாங்கோ, பிறகு அவசர உதவிக்கு 911. புரொப்பேன் காற்றைவிடப் பாரம், பேஸ்மென்றில தேங்கி நிக்கும்.

கோவைக்காரன், 10:20

பணம் கட்டிட்டேன். வரியோட 672 டாலர். அலாரம் சத்தம் வருது. வெளியே ஒரு குழாயில பாதி வரைக்கும் பனி அடைச்சிருந்தது, எடுத்துட்டேன். நீங்க சொல்லலைன்னா அந்தப் பக்கம் போயே இருக்க மாட்டேன் அண்ணா.

கோவைக்காரன், சனி மாலை 4:35

வண்டி வந்துடுச்சு. முள்ளு 5-ல இருந்து 31-க்கு ஏறியிருக்கு. டிரைவர் கொடுத்த ரசீதுல டெலிவரிக் கட்டணம்னு தனியா ஒரு வரி, போன்ல அதைச் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், டேங்க் அவரோட சொந்தம்தான். 31 எத்தனை நாள் வரும்? விலை குறைக்கச் சொல்லி இப்பவே கேட்கலாமா?

லின்ட்சே அக்கா, 5:10

31 எண்டால் கிட்டத்தட்ட 590 லிற்றர். இதே குளிர் நிண்டால் ரெண்டு கிழமை, குறைஞ்சால் மூண்டு. 25க்கு வந்த உடனே போன் பண்ணுங்கோ. திங்கட்கிழமை கேளுங்கோ: டேங்க் வாடகை எவ்வளவு, டெலிவரிக் கட்டணம் எவ்வளவு, அவையாவே வந்து நிரப்பினால் விலை குறையுமோ, ஒப்பந்தம் எப்ப முடியுது, இடையில விட்டால் தண்டம் இருக்கோ. பதிலை எழுத்தில வாங்குங்கோ. எல்லாத்தையும் கூட்டி லிற்றரால பிரிச்சு வாறதுதான் உங்கட விலை. ஜூலையில அந்தத் தாளோட வீட்டுக்காரரிட்டப் போங்கோ, டேங்க் சொந்தமா வாங்குற கதையை அவரோட கதைக்கலாம். என்ர பழைய பில்லுகளை அனுப்பி விடுறன்.