லைசோசைம் துளைக்குள் போனதா, வெளியே ஒட்டியதா?

எஸ்பிஏ-15 என்ற, நானோ துளைகள் நிறைந்த சிலிக்காத் தூளில் லைசோசைம் என்ற நொதிப் புரதத்தை ஏற்றுபவர்களுக்கு: ஒட்டவைப்பது சுலபம். பிஹெச் 7-இல் புரதம் நேர்மின் (சமமின் புள்ளி, அதாவது புரதத்தின் நிகர மின்சுமை பூஜ்யமாகும் பிஹெச், 11-ஐ ஒட்டி), சிலிக்கா எதிர்மின். புரதத்தின் அளவு சுமார் 3 × 3 × 4.5 நானோமீட்டர், துளை 7, 8 இருந்தால் நுழைந்துவிடும். சிக்கல் எல்லாம் அளப்பதில்தான்.

10 மில்லிகிராம் சிலிக்கா, 5 மில்லிலிட்டர் கரைசல், 25 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் போதும். புரதச் செறிவு 0.1 முதல் 2 மிகி/மிலி வரை. சிலிக்காவை இரவு முழுக்க 120 டிகிரியில் உலர்த்திய பிறகே எடை போடவும், காற்றின் ஈரத்தை அள்ளிக்கொள்ளும். காந்தக் கட்டி போட்டுக் கலக்கினால் துகள் அரைபடும். குழாயைச் சுழற்றும் ரொட்டேட்டர் நல்லது.

*

சிலிக்காவைச் சுழற்றி அடக்கிவிட்டு, கரைசலில் மிஞ்சிய புரதத்தை ஒளி உறிஞ்சலால் அளக்கிறோம்; குறைந்தது சிலிக்காவில் ஏறியது. 280 நானோமீட்டரில் 1 மிகி/மிலி லைசோசைமின் உறிஞ்சல் 2.64 காட்டும். நான்கு மடங்கு நீர்த்துத்தான் படிக்க வேண்டும். கூடவே 350-இலும் பாருங்கள். அங்கே புரதம் ஒளியை உறிஞ்சாது. ஏதாவது தெரிந்தால் சென்ட்ரிஃபியூஜில் அடங்காத சிலிக்கா ஒளியைச் சிதறடிக்கிறது. அந்த எண்ணை அப்படியே கழித்தால் தீராது, அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கூடும். திரும்பச் சுழற்றுங்கள்.

சிலிக்கா இல்லாத வெறும் புரதக் குழாய் ஒன்றும் கட்டாயம். இல்லாவிட்டால் குழாய்ச் சுவரும் வடிகட்டியும் தின்ற புரதத்தைச் சிலிக்காவின் கணக்கில் எழுதிவிடுவோம்.

*

கரைசலில் புரதம் குறைந்தது துளைக்குள் போனதற்குச் சாட்சி ஆகாது. துளைகள் எவ்வளவு நைட்ரஜன் வாயுவை ஏற்கின்றன என்று பார்த்துத் துளைக் கொள்ளளவைச் சொல்லும் நைட்ரஜன் அளவீடு வேண்டும். அதற்கு முன் மாதிரியிலிருந்து வாயு, ஈரத்தை நீக்க வேண்டும். வழக்கம்போல 200 டிகிரியில் வாயு நீக்கினால் புரதம் கருகும். உறைநிலையில் உலர்த்தி, அறை வெப்பத்தில் நெடுநேரம் வெற்றிடத்தில் வையுங்கள்.

பலரும் சறுக்குவது கணக்கில். ஒரு கிராம் சிலிக்காவில் 300 மிகி புரதம் ஏறியிருந்தால் மாதிரியின் எடை 1.3 கிராம். 1.0 கன செமீ துளைக் கொள்ளளவு, புரதம் ஒன்றுகூட உள்ளே போகாவிட்டாலும், கிராமுக்கு 0.77 என்றுதான் வரும். சிலிக்காவின் எடைக்கு மட்டும் வகுங்கள். 0.3 கிராம் லைசோசைம் அடைப்பது ஏறக்குறைய 0.22 கன செமீ. துளைக் கொள்ளளவின் இழப்பு அதைவிட ரொம்பவும் கூடினால் துளைவாய் அடைபட்டிருக்கலாம்.

*

லாங்மியர் வளைவு (ஒட்டுவதும் விடுவதும் சமநிலையில் இருப்பதாகக் கொண்டு, செறிவுக்கு எதிரே ஒட்டிய அளவைச் சொல்வது) அழகாகப் பொருந்துகிறது என்று சமநிலை மாறிலி எழுதுவதற்கு முன், தெளிந்த கரைசலை எடுத்துவிட்டு அதே பஃபரை ஊற்றிப் பாருங்கள். பெரும்பாலும் புரதம் திரும்பி வராது. திரும்பாத ஒன்றுக்குச் சமநிலை ஏது? 1 மோலார் உப்பில் வெளியே வருவது மின்னிழுப்பால் ஒட்டியிருந்த பங்கு. அதைத் தனியாக அளந்து எழுதுங்கள்.