மேல் பல்லிலிருந்து கன்னம் வீங்கியவர்கள் – உங்கள் அனுபவம்?

கோப்பி_ஓ_கொசோங்:
அண்ணனுக்கு மேல் கோரைப்பல். வேர் சிகிச்சையைப் பாதியில் விட்ட பல்தான். ராத்திரி முழுக்கக் குத்துவலி, விடியற்காலையில் சட்டென்று நின்றுவிட்டது. மனுஷன் சந்தோஷமாக வேலைக்குக் கிளம்பினார். மதியம் படம் அனுப்புகிறார்: மூக்கோரத்திலிருந்து வாய் முனைக்கு இறங்குகிற கோடு இடப்பக்கம் இல்லவே இல்லை, கரண்டியால் வழித்துவிட்ட மாதிரி. கீழ் இமையும் தடித்திருந்தது. கிளினிக்கில் அலர்ஜி என்று மாத்திரை, கூடவே எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று). வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை! மறுநாள் பல் டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார், வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் அந்தப் பல்லை லேசாகத் தட்டினார். அண்ணன் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். சீழ் எலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்டதால்தான் வலி நின்றதாம். ஈறுக்கு மேலே உள்பக்கமாகக் கீறி வடித்தார். அந்த நாற்றம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. யாருக்காவது கண்வரை ஏறியிருக்கிறதா?

ஈசூன்_அம்மா:
கிளினிக் டாக்டரை மட்டும் திட்டாதீர்கள். முந்தின ராத்திரி பல் வலித்ததை அண்ணன் சொன்னாரா? வலி நின்றுவிட்டால் யாரும் அதைச் சொல்வதில்லை. என் மாமியாருக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமெடுத்த சளி, குனிந்தால் கன்னத்தில் பாரம். சைனஸ் சைனஸ் என்று ஸ்ப்ரே அடித்தே காலம் போனது. ஸ்கேனில்தான் தெரிந்தது, கடைவாய்ப்பல் வேரிலிருந்து ஏறியிருக்கிறது.

தோபாயோ_தாத்தா:
எனக்கும் வந்தது, பல்லைப் பிடுங்கினார்கள், போயிற்று. சொல்ல வந்தது வேறு. ஆண்டிபயாடிக்கை மட்டும் விழுங்கிவிட்டு உட்காராதீர்கள். சீழ் வடிய வேண்டும், மூலமான பல்லையும் கவனிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும். வெளியே பிதுக்கவே கூடாது: மூக்கைச் சுற்றியுள்ள ரத்த நாளங்களுக்குக் கண்குழி வழியாக மூளையடி வரை தொடர்பு உண்டு. கண் பிதுங்கினாலும், பார்ப்பது இரண்டாகத் தெரிந்தாலும், கண்ணை அசைக்கும்போது வலித்தாலும், நடுக்கத்தோடு ஜுரம் வந்தாலும் நேரே அவசரப் பிரிவு. பலதுறை மருந்தகத்தில் எண் எடுத்துக் காத்திருக்காதீர்கள். சர்க்கரைக்காரர்கள் அண்ணத்தையும் (வாயின் மேல்கூரை) பாருங்கள், கறுத்திருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அது உயிர் விஷயம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செலவுக்கு, அறுவை சிகிச்சை என்றால் மெடிசேவ் (சிங்கப்பூர் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) உண்டு, பல்லில் குழி அடைப்பதற்கு மட்டும் என்றால் இல்லை.

கோப்பி_ஓ_கொசோங்:
தாத்தா, நன்றி. ஆனால் நான் கேட்டது கண்ணைப் பற்றி.

உட்லண்ட்ஸ்_ஷிப்ட்:
என் ரூம்மேட்டுக்கு ஏறியது. பனடோல் போட்டே ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. அவசரப் பிரிவில் டாக்டர் இமையை இரண்டு விரலால் பிரித்தார், சிவப்புப் பேனா மூடியை நீட்டி, “இரண்டு கண்ணுக்கும் ஒரே சிவப்பா?” என்றார். அவன் பதில் சொல்லாமல் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்குக் கை நடுங்கியது. ஒரே சிவப்புதான் என்றான். பார்வை நரம்பு அழுத்தத்தில் இருந்தால் ஒரு பக்கம் வெளிறித் தெரியுமாம். அன்றைக்கே ஸ்கேன், ரத்த நாளம் வழியாக மருந்து, பல்லும் வெளியே.

ஈசூன்_அம்மா:
பல்லைக் காப்பாற்றியிருக்கலாமே? வடித்த பிறகு வேர் சிகிச்சை செய்வார்களே.

உட்லண்ட்ஸ்_ஷிப்ட்:
அக்கா, பாதிப் பல்தான் மிச்சம் இருந்தது.